அறுபது பேருக்கு இட்லி

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்றால் கதை கட்டுரை எழுதுகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புகார் எழுத வேண்டும், எஃப்.ஐ.ஆர். எழுத வேண்டும், தினசரி டைரி எழுத வேண்டும். அதிகாரி சொன்னதையும் எழுத வேண்டும், சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொண்டு எழுத வேண்டும். ஏட்டு கந்தசாமி என்கிற நான் பதினோரு வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்தவன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மேஜிஸ்திரேட்டே சொல்லியிருக்கிறார். ஆனால் நான் செய்த பெரிய பாவத்தைக் கையால் எழுதவில்லை. வாயால் சொன்னேன். ஒரே ஒரு பேர்.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் மாதம் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற வழியெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கரண்டு கம்பி மேல் மரம் விழுந்ததில் விளக்கும் இல்லை. மறியல் செய்தவர்கள் என் ஜாதிக்காரர்கள். கேட்டது நியாயம் என்றுதான் என் மனசு சொன்னது. என் சித்தப்பா மகன் பி.ஏ. முடித்துவிட்டு மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தப் புளியமரங்கள் யாருடைய வேலையைப் பறித்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறியல் ஒரு வாரத்தில் முடிந்தது. போலீசுக்கு முடியவில்லை. கல்வராயன் மலை அடிவாரத்தில் பனையந்தாங்கல் என்று ஒரு ஊர். எங்கள் ஸ்டேஷனிலிருந்து ரோட்டு வழியே போனால் ஏழு மைல், வயல் வழியே நடந்தால் மூன்று மைல். அந்த ஊர் முனையில் மரத்தை அப்புறப்படுத்தப் போன போலீஸ் மேல் கல் பறந்து வந்தது. முனியன் என்கிற கான்ஸ்டபிளுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஊர்க்காரர்கள் பதினாறு பேருடைய பெயரைப் போட்டு, கடைசியில் 'மற்றும் பலர்' என்று சேர்த்து எஃப்.ஐ.ஆர். எழுதினேன். இந்த 'மற்றும் பலர்' இருக்கிறதே, அது கதவு வைக்காமல் விட்ட வாசல். பின்னால் யாரை வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாம்.

அந்தப் பதினாறு பேரைப் பிடிக்க சர்க்கிள் இன்ஸ்பெக்டர் வெங்கடேசன் எங்கள் ஸ்டேஷனிலேயே வந்து தங்கினார். வேறு ஜில்லாக்காரர். கைசுத்தமானவர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் யாரையும் நம்பமாட்டார். டீ வந்தால் டிரைவரை ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் தான் குடிப்பார் என்று கான்ஸ்டபிள்கள் கிண்டல் செய்வார்கள். அந்த அளவுக்கு இல்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

ஆயுதப்படை இரண்டு வேனில் வந்து இறங்கியது. எங்கள் ஆட்களையும் சேர்த்து அறுபது பேர். விடியற்காலை பனையந்தாங்கலைச் சுற்றி வளைத்தார்கள். ஊரில் ஆம்பளை வாடையே இல்லை. கிழவிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் மாடுகளும்தான் இருந்தார்கள். மற்ற எல்லோரும் முந்தின சாயங்காலமே மலையேறிவிட்டார்கள். நாலு நாள் கழித்து இரண்டாவது ரெய்டு. அப்போதும் அதே கதை. அந்தத் தடவை மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் சொம்பும் வைத்துவிட்டுப் போயிருந்தார்களாம், போலீசுக்குத் தாகமாக இருக்கும் என்று. அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

அன்று காலை பத்து மணிக்கு என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கந்தசாமி, ரெண்டு தடவையும் நாளைக்கு ரெய்டுன்னு முந்தின நாளே தெரிஞ்சது யார் யாருக்கு?"

"ஐயாவுக்கு... டி.எஸ்.பி. ஐயாவுக்கு..."

"அப்புறம்?"

வேனுக்கு டீசல் எழுதுகிறவன் நான். பந்தோபஸ்துப் பட்டியல் போடுகிறவன் நான். அறுபது பேருக்குக் காலைச் சாப்பாடு ஏற்பாடு செய்கிறவனும் நான்.

"அது உன் ஆளுங்க ஊரு," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நீ சொன்னேன்னு நான் சொல்லலை. நீ இல்லைன்னா வேற யாருன்னு நீயே சொல்லு."

அந்த ஊரில் எனக்கு ஒரு பங்காளி கிடையாது, கொடுத்து வாங்கின சம்பந்தம் கிடையாது. அதைச் சொன்னால் நம்புவாரா? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். சுத்தப் பொய். அன்றைக்கு என் மடியில் ஒன்றுமே இல்லை, ஆனால் பயம் நிறைய இருந்தது. அதற்கு முன்பே கான்ஸ்டபிள்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். கை ஒடிந்த முனியனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். என் ஒரு சம்பளம்.

"ஐயா, பிச்சமுத்துன்னு ஒருத்தன் தினம் இங்க வந்து போறான்," என்றேன். "பனையந்தாங்கல் காலனி."

இவ்வளவுதான் நான் சொன்னது.

பிச்சைமுத்து யார் என்று சொல்ல வேண்டும். காலையில் ஸ்டேஷனுக்கு வருவார். தொட்டியில் தண்ணீர் நிரப்புவார், பெருக்குவார், விறகு பிளப்பார். அநாதைப் பிணம் கிடந்தால் தூக்கிக்கொண்டு போய்ப் புதைப்பார். சாயங்காலம் வயல் வழியே ஊருக்குத் திரும்புவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆனால் ஸ்டேஷனில் எல்லோரும், நேற்று வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள் உள்பட, 'டேய் பிச்சமுத்து' என்றுதான் கூப்பிடுவோம். நானும்தான்.

அவர் சொல்லியிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பனையந்தாங்கலில் ஊருக்கும் காலனிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மறியல் வாரத்தில் காலனி ஆட்கள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடியோடு நின்றார்கள். காலனிக்காரர் ஒருவர் ஊர்த் தெருவுக்குள் போய், போலீஸ் வருகிறது, எல்லோரும் ஓடுங்கள் என்று சொல்வாராம், அவர்கள் கேட்பார்களாம். சின்னப் பிள்ளைகூட நம்பாது. எல்லாம் தெரிந்தும் சொன்னேன். இன்ஸ்பெக்டரும் நம்பினார். ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று இருக்கிறவருக்கு எந்தப் பெயரும் பொருந்தும்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து அவரை அப்படியே கூட்டி வந்தார்கள். கையில் இருந்த குடத்தைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. பின்னால் இருந்த அறையில் விசாரணை நடந்தது. நான் என் மேஜையில் உட்கார்ந்து, பழைய சைக்கிள் திருட்டுக் கேஸ் ஒன்றுக்கு அழகாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இன்னாங்க தெரியும்? நான் தண்ணி மொண்டுகினு இருந்தேன், அவ்ளோதான்," என்ற குரல் நாலைந்து தடவை கேட்டது. அப்புறம் வார்த்தை இல்லை.

டைரியில் அவர் வந்ததாக எழுத வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். நான் எழுதவில்லை. அப்படி மூன்று நாள். சட்டப்படி அவர் எங்கள் லாக்கப்பில் இல்லவே இல்லை.

அவர் மனைவி இருசம்மாள் இரண்டாம் நாள் காலையிலேயே வந்து ஸ்டேஷனுக்கு எதிரே வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள். தூக்குப் பாத்திரத்தில் கேழ்வரகுக் கூழ். பாரா நின்ற கான்ஸ்டபிள் விரட்டினால் பத்தடி தள்ளிப் போய் உட்காருவாள், அவன் திரும்பினால் பழைய இடத்துக்கே வருவாள். நான் வெளியே போகும்போதெல்லாம் எழுந்து நிற்பாள்.

"எப்ப வுடுவீங்க ஏட்டய்யா?"

"விசாரணைம்மா. வுட்ருவாங்க."

"எதுக்குனா புடிச்சாங்க? யாரு இன்னா சொன்னாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்திருக்க வழியில்லை என்றும் நினைத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வேகமாக ரோட்டைக் கடந்து கொளஞ்சியம்மாள் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

கொளஞ்சியம்மாள் கடை என்பது ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கூரைக் கொட்டாய். மூன்று பெஞ்சு. காலையில் இட்லி, மத்தியானம் சோறு. ஸ்டேஷனுக்கு என்ன வேண்டுமானாலும் அவளிடம்தான் சொல்வேன். ரெய்டு என்றால் முந்தின நாள் காலையிலேயே நான் போய், "கொளஞ்சி, நாளைக்கு வெள்ளனே அறுபது பேருக்கு இட்லி" என்று சொல்லிவிட வேண்டும். விடியுமுன் கூடை கூடையாக வேனில் ஏற்றுவார்கள்.

அன்று அவள் எரிச்சலோடு இருந்தாள். அடுப்பு புகைந்தது.

"ஏட்டண்ணா, இந்தக் கரண்டு எப்ப வரும்? ஈபிக்காரங்கள ஒரு வார்த்த கேளுங்களேன். கிரைண்டர் சும்மா குந்திகினு கீது. தோள்பட்ட வுட்டுப் போச்சு."

"கையாலதான் ஆட்டுறியா?"

"பத்துப் பேருக்குனா நானே ஆட்டிப்பேன். அறுபது பேருக்கு எப்படி ஆட்டறது? நீங்க காலைல சொன்னீங்கனா உடனே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, எங்க வூட்டுக்காரரு சைக்கிள்ல கட்டி எடுத்துகினு போவாரு. எங்க நாத்தனாருங்க நாலு பேரும் ஒரே தெருவுலதான். ஆளுக்கு ரெண்டு படி ஆட்டிக் குடுப்பாங்க. சாயங்காலம் மாவு வந்துரும்."

"எந்த ஊரு உங்க நாத்தனாருங்க?"

"பனையந்தாங்கல்தான்."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன்.

"இவ்ளோ மாவு எதுக்குன்னு அவங்க கேக்க மாட்டாங்களா?"

"கேக்காம? போலீசுக்குன்னு சொல்லுவாரு. சொன்னா இன்னா, போலீசு நாஷ்டா துன்னக் கூடாதா?"

சட்டென்று குனிந்து அடுப்பை ஊத ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்தே நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று நான் அவள் முகத்தில் தேடினேன். புகைதான் தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எனக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை.

ஆக, துப்புக் கொடுத்தவன் நானேதான். என் வாயால், பட்டப்பகலில், ரோட்டைக் கடந்து போய், நாளைக்கு வருகிறோம் என்று இரண்டு தடவை ஊருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாலு ஆட்டுக்கல்லில் அரிசி அரைபட்டால் அந்த ஊர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மலையேறும். ஆயுதப்படை துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். சிரிப்பு வந்தது. வேலியோரம் இருசம்மாள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேராகப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ரோட்டு நடுவில் கால் நின்றுவிட்டது.

சொன்னால் என்ன ஆகும்? பிச்சைமுத்து வெளியே வருவார். ஆனால் அவர் இடத்துக்குக் கொளஞ்சியம்மாளும் அவள் புருஷனும் போவார்கள். தெரியாமல் நடந்தது என்றால் அந்த அறைக்குள் யார் கேட்பார்கள்? என்னையும் சும்மா விடமாட்டார்கள். இட்லி சொன்னது இவன்தானே, அதே ஜாதிக்காரன்தானே, திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறான் என்பார்கள். அதோடும் நிற்காது. அடுத்த தடவை இட்லி சொல்லாமல், கள்ளக்குறிச்சியிலிருந்து பன் வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஊர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த தடவை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் அதையும் சொன்னார்.

"நாளன்னைக்கு விடியற்காலை ரெய்டு. இந்தத் தடவை டி.எஸ்.பி.க்குக்கூட வேன் கிளம்பினப்புறம்தான் சொல்லுவேன். இப்ப தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கு, உனக்கு."

"ஐயா."

"மலைக்குப் போற ஒத்தையடிப் பாதையில பதினைஞ்சு பேரை நிறுத்துறேன். ஓடினா முட்டிக்குக் கீழே சுடச் சொல்லுவேன். முனியன் கையை ஒடிச்சவங்களை நான் சும்மா விட்டா, நாளைக்கு எந்தப் போலீஸ்காரன் எனக்காக நிப்பான்?"

அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. முனியன் பிழைக்க வந்தவன், அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, அந்தக் கை இனிமேல் நேராகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல் எறிந்தவன் கட்டாயம் ஜெயிலுக்குப் போக வேண்டும். ஆனால் விடிந்தும் விடியாத நேரத்தில், கரண்டு இல்லாத ஊரில், ஓடுகிறவனுடைய முட்டி எது, அவன் இடுப்பில் இருக்கிற பிள்ளையின் தலை எது என்று யார் பார்த்துச் சுடுவது? பதினாறு பேரில் எவன் மூஞ்சியும் ஆயுதப்படைக்காரர்களுக்குத் தெரியாது.

"ஐயா, பெட்டிஷன் மாதிரி ஒண்ணு சொல்லலாமா?" என்றேன். "வக்கீலை வெச்சுப் பேசினா அவங்களே கோர்ட்ல சரண்டர் ஆயிடுவாங்க. அந்த ஊரு நாட்டாண்மைகிட்ட நான் வேணா..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அவர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

"நாட்டாண்மைகிட்ட நீ பேசுறியா? எப்பலேர்ந்து பேசிக்கிட்டு இருக்கே?"

அவரே கேஸ் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பிச்சைமுத்துவை நாளன்னைக்கு ரிமாண்ட் பண்ணணும். முனியன் கேஸ்லயே சேர்த்துடு. 'மற்றும் பலர்'ல இடம் இருக்கில்ல? பதினேழாவதா எழுது. கடலூர் ஜெயில்ல போட்டா தானா பேசுவான். அப்புறம், காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லிடு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் ரோட்டோரத்தில் நின்றேன். வெயில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் கடை, நடுவில் பத்தடி அகலத் தார் ரோடு. இரண்டு வழி எனக்கு இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பேக்கரிக்குப் போய் பன் சொல்லலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், மாவு இல்லை என்றாள் என்று சொன்னால் போதும். ரெய்டு ஜெயிக்கும். பிச்சைமுத்துவைப் பிடித்துப் போட்டதால்தான் விஷயம் வெளியே போகவில்லை என்று இன்ஸ்பெக்டர் சந்தோஷப்படுவார். என் மேல் இருந்த சந்தேகம் அடியோடு போகும். மலையடிவாரத்தில் எத்தனை பேர் விழுவார்கள் என்பது மட்டும் தெரியாது. பிச்சைமுத்து குற்றவாளிதான் என்று நிரூபணமாகி ஜெயிலுக்குப் போவார்.

இல்லாவிட்டால் எப்போதும் போல இட்லி சொல்லலாம். ஊர் காலியாகும். பூட்டிய லாக்கப்புக்குள் இருப்பவர் எப்படித் துப்புக் கொடுத்தார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே ஆள்தான் மிச்சம்.

சம்பளம் வாங்குகிற போலீஸ்காரன் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டேன். சட்டப்படி பார்த்தால் துரோகம்தான். ஆனால் இரண்டு நாளாகச் சட்டப்படி லாக்கப்பில் இல்லாத ஒரு ஆளை அடித்துக்கொண்டிருந்த இடத்தில், சட்டத்தை எந்த மூலையில் தேடுவது? முதலில் நான் போட்ட முடிச்சு. நான்தான் அவிழ்க்க வேண்டும். பயம் மட்டும் குறையவே இல்லை.

கடைக்குள் போனேன்.

"கொளஞ்சி, நாளைக்கு வெள்ளனே அறுபது பேருக்கு இட்லி."

"மறுபடியுமா?" என்றாள். என்னை ஒரு நொடி பார்த்தாள். "சரிண்ணா."

அவள் அரிசி அளந்து போடுகிற சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் எட்டரை மணிக்கு வேன்கள் திரும்பி வந்தன. சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். ஆள் பிடித்து வந்தால் வேனில் கூச்சல் இருக்கும். ஆயுதப்படைக்காரர்கள் மாரியம்மன் கோயில் படியில் உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருவன் சட்னி காரம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சாப்பிடவில்லை. நேராக லாக்கப்புக்குப் போனார். பிச்சைமுத்து சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டு கெட்டியாகத்தான் இருந்தது. அப்புறம் என் மேஜைக்கு வந்தார்.

"இவன் உள்ளே இருந்தான்."

"ஆமாங்க ஐயா."

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு சொன்னேன்."

"ஆமாங்க ஐயா."

"நான் சொல்லலை."

ஸ்டேஷனே என்னைப் பார்த்தது. எனக்கு ஏதோ தைரியம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"நான்தாங்க ஐயா. மூணு தடவையும் நான்தான். பிச்சமுத்துக்கு ஒண்ணும் தெரியாது. நான் பொய் சொன்னேன்."

"யார் மூலமா சொன்னே?"

"நானேதாங்க. யாரும் இல்லை."

அவர் கையை ஓங்கினார். அப்புறம் இறக்கிக்கொண்டார். "உன்னை முதல் நாளே சந்தேகப்பட்டேன். என் சந்தேகம் என்னைக்கும் தப்பாது," என்றார். அவர் முகத்தில் கோபத்தைவிடத் திருப்தி அதிகமாக இருந்தது என்று எனக்குப் பட்டது. முதல் நாள் அவர் சந்தேகப்பட்டபோது நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

பதினொரு மணிக்குப் பிச்சைமுத்துவை வெளியே விட்டார்கள். உள்ளே வந்ததற்கே எழுத்து இல்லை, வெளியே போவதை எங்கே எழுதுவது? வேலியோரத்திலிருந்து இருசம்மாள் ஓடி வந்தாள். அவரால் இடது காலை ஊன்ற முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வயல் வழியே இறங்காமல் ரோட்டோரமாகவே மெல்ல நடந்து போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் என் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அதை வேறு ஒருவன் கோணல்மாணலாக எழுதியிருந்தான்.

அடுத்த மாதம் பனையந்தாங்கல் ஆட்கள் பதினாறு பேரும் வக்கீலோடு வந்து கோர்ட்டில் சரண்டர் ஆனார்கள். ஊர்க்காரர்கள் என்னை நம்ம ஆள் என்று சொல்லி வீட்டுக்கு ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்காகச் செய்யவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர்கள் நம்பவில்லை. ஸ்டேஷனில் என்னை ஜாதிக்காக வேலையை விற்றவன் என்றார்கள். அதை மறுத்து நான் எழுதிய விளக்கத்தையும் யாரும் நம்பவில்லை. என்னைப் பற்றி உண்மை தெரிய வேண்டியவர் பிச்சைமுத்து ஒருவர்தான், அவரிடம் போய்விட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். கூடவே, நான் என்ன செய்து அவரை வெளியே கொண்டுவந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டில் எதற்கு மனசு ஜாஸ்தி துடித்தது என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் காலனிக்குப் போனேன். பிச்சைமுத்து வீட்டு முன்னால் ஒரு முருங்கைக் கட்டையைப் பிளந்துகொண்டிருந்தார். இருசம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டது, நான் பெயர் சொன்னது, இட்லி, மாவு, மூன்றாவது ரெய்டு, நான் சஸ்பெண்ட் ஆனது. அவர் கோடாலிப் பிடியில் கையை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"வேலை போச்சுன்னு சொன்னாங்க. பாவம்தான்," என்றார். "ஒண்ணு கேக்கலாங்களா ஏட்டய்யா?"

"கேளுங்க."

"எங்க ஊருலேர்ந்து டேசனுக்கு எம்மாம் பேரு வரானுங்க. பால்காரு வராரு. ஜீப்பு ரிப்பேருக்கு மேஸ்திரி வராரு. வக்கீல் குமாஸ்தா சடையன் தெனம் பெஞ்சுல வந்து குந்திகினு கீறாரு. எல்லாம் ஊருத் தெருக்காரங்க. எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டரு கேட்டப்ப எம்பேரு மட்டும் எப்படிங்க முன்ன வந்துச்சு?"

மன்னிப்புக்கு நான் வார்த்தை தயார் செய்து கொண்டுவந்திருந்தேன். இதற்குக் கொண்டுவரவில்லை. பொய் சொல்ல நினைத்தேன். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் வாய்க்கு ஏன் அது வந்தது என்று மறுபடியும் கேட்பார். இருசம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தாள்.

"அவங்க பேரச் சொன்னா, சாயங்காலமே ஊரு திரண்டு வந்து ஏன் சொன்னேன்னு கேக்கும்," என்றேன். "நீங்க வந்து கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

பிச்சைமுத்து தலையை ஆட்டினார். கோபப்படவில்லை.

"இப்ப கேட்டுட்டேன்," என்றார்.

பிறகு கட்டையைத் திருப்பிப் போட்டுப் பிளக்க ஆரம்பித்தார்.